என் கால் சறுக்குகிறது என்று சொல்லும்போது: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட ஒரு தோட்டத் தொழிலாளியைப் பற்றிய பதிவு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், சபை எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கோத்தகிரி பக்கம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு சிறிய குழுவில் செவிலி. அவரை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அக்காவின் விசுவாசம் அவரைத் தாங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதே விசுவாசம் ஒரு கட்டத்தில் அவரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டதையும் பார்த்தேன். இரண்டும் ஒரே மனுஷி, ஒரே வேதாகமம், ஒரே ஜெபம். நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

பின்னணி

அக்காவுக்கு அப்போது 49 வயது. குடும்பம் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தது. 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரி ஏறிய குடும்பங்களில் ஒன்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. அக்காவின் அம்மா அதில் கொழுந்து பறித்தவர். ட்ரங்குப் பெட்டியில் துணிமணிகளோடு கப்பலில் வந்த வேதாகமம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அட்டை கிழிந்து போனதால் காக்கித் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அக்காவும் கொழுந்து பறிக்கிறவர்தான். கணவர் இலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் இந்துக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

இடது மார்பில் கட்டி இருப்பதை அக்கா கண்டுபிடித்தது ஒரு மே மாதம். மருத்துவரிடம் போனது டிசம்பரில். ஏழு மாதம். இந்த ஏழு மாதத்துக்கு எல்லாரும் ஒரே காரணத்தைச் சொல்லுவார்கள்: ஜெப எண்ணெய் தடவிக்கொண்டு இருந்தார், மூடநம்பிக்கை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எண்ணெய் தடவியது உண்மை. ஆனால் ஒரு நாள் மலையிறங்கினால் அன்றைய பேர், அதாவது அந்த நாளின் கூலி, போய்விடும். தேயிலை நன்றாகத் துளிர்க்கிற மாதங்களில் மேஸ்திரியிடம் லீவு கேட்க வாய் வராது. ஆண் மருத்துவரிடம் மார்பைக் காட்டுவதற்கான கூச்சம் வேறு. கட்டி வலிக்கவும் இல்லை. வலி இல்லையென்றால் நோய் இல்லை என்றுதான் நம் மக்கள் கணக்குப் போடுகிறார்கள். மார்பகப் புற்றுநோயில் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

உண்மையில் அவரை மருத்துவமனைக்கு அனுப்பியதே சபை ஆயர்தான். ‘எண்ணெய் தடவுங்க, நானும் ஜெபிக்கிறேன். ஆனா எசேக்கியா ராஜாவுக்கு என்ன நடந்துச்சு? கர்த்தர் ஜெபத்தைக் கேட்டு ஆயுசைக் கூட்டிக் கொடுத்தார். அப்புறம் ஏசாயா என்ன சொன்னார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பத்துப்போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒரே அதிகாரத்துல இருக்கும்மா’ என்றாராம். ஏசாயா 38-ம் அதிகாரம். ஒரு மணி நேர விழிப்புணர்வுப் பேச்சில் நான் செய்ய முடியாததை அந்த நாலு வாக்கியம் செய்தது.

நோயும் திட்டமும்

கோவையில் பரிசோதனை. கட்டி 6 சென்டிமீட்டர், அக்குளில் நெறிகட்டிகள், மூன்றாம் நிலை. எலும்பு, ஈரல், நுரையீரலுக்குப் பரவவில்லை. ஹார்மோன் ஏற்பி இருந்தது, அதாவது உடம்பின் ஹார்மோனால் வளரக்கூடிய வகைக் கட்டி. கட்டி பெரிதாக இருந்ததால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, அப்புறம் அறுவை, அதற்குப் பிறகு கதிர்வீச்சு, கடைசியில் குறைந்தது 5 ஆண்டு மாத்திரை என்று முடிவானது. கீமோ 21 நாளுக்கு ஒன்றாக 8 முறை. முதல் நாலு முறை, நோயாளிகள் ‘சிவப்பு மருந்து’ என்று சொல்கிற டாக்ஸோரூபிசினும் இன்னொரு மருந்தும் சேர்த்து. அடுத்த நாலு முறை டோசிடாக்சல். வருமானச் சான்றிதழ் வாங்கி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்ததால் மருந்துச் செலவு பெரிய பாரமாகவில்லை. பஸ் செலவும் போன கூலியும்தான் பாரம்.

8 கீமோ என்று கேட்டதும் அக்காவின் முகம் மலர்ந்தது. ‘121-ம் சங்கீதத்துல எட்டு வசனம் சிஸ்டர்’ என்றார். எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன் என்று தொடங்குகிற சங்கீதம். மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு அது சொந்த ஊர்ப் பாட்டு மாதிரி. ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு வசனம் என்று அவரே பிரித்துக்கொண்டார்.

நான் அன்று விண்ணப்பப் படிவத்தை நிரப்பினேன். ‘மதம்’ என்ற கட்டத்தில் ‘கிறிஸ்தவம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். நானும் அதே மாதிரி ஒரு சபைக் குடும்பத்தில் வளர்ந்தவள். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்), உபவாச ஜெபம், சாட்சி, பெண்கள் ஐக்கியம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பதால் கேட்கவில்லை. இந்தப் பதிவில் என் பங்குக் குற்றம் அதுதான்.

சாட்சி

முதல் கீமோ ஜனவரி கடைசியில். வாந்தி, வாய்ப்புண், மூன்றாம் வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அக்கா சொன்னார்: ‘கவாத்து போட்ட காட்டுல மூணு மாசத்துக்கு இலை கிடையாது. அதுக்காக யாரும் செடியைப் புடுங்கிப் போடுறதில்லை.’ அப்படிப் பேசுகிற ஒருவர் உள்ளே உடைந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். அக்கா எழுந்து, கர்த்தர் எனக்கு ஒரு கஷ்டமும் வராமல் காத்தார் என்று சொல்லி உட்கார்ந்தார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. முந்தின வாரம் நாலு நாள் தண்ணீர்கூட இறங்காமல் படுத்திருந்தது எனக்கும் அவர் கணவருக்கும் மட்டும் தெரியும். அக்கா பொய் சொல்ல நினைக்கவில்லை. சாட்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த விதம் அது. நோயில் விழுந்து, ஜெபித்து, சுகமாகி எழுந்த கதைகளைத்தான் அவர் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார். நோயின் நடுவில் நின்றுகொண்டு சொல்வதற்கு ஒரு சாட்சி வடிவம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சாட்சியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து ஜெபித்துப் போன ஒருவர் இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: வியாதியின் பேரை வாயால் அறிக்கை செய்யாதே, சொன்னால் அது உன்னைப் பிடித்துக்கொள்ளும். அக்கா ‘கேன்சர்’ என்ற சொல்லை அதோடு விட்டுவிட்டார். ‘எப்படி இருக்கீங்க?’ என்றால் ‘நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்.’ நான் அதைத் தைரியம் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் வசனம்

மூன்றாவது கீமோ மார்ச் தொடக்கத்தில், லெந்து நாட்களில் வந்தது. அந்த முறைக்கு அவர் வைத்திருந்த வசனம்: ‘உன் காலைத் தள்ளாடவொட்டார், உன்னைக் காக்கிறவர் உறங்கார்.’

கீமோ போட்டு ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் ரத்த வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமிகூட உயிரை எடுக்கலாம். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே ராத்திரி பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலை வரை பொறுக்கக் கூடாது. இதை அட்டையில் எழுதிக் கொடுத்து, தெர்மாமீட்டரும் கொடுத்திருந்தேன்.

பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா உபவாசம், தண்ணீரும் இல்லாமல். வியாழக்கிழமை மாலையே உடம்பு கொதித்திருக்கிறது. தெர்மாமீட்டரை எடுக்கவில்லை. எடுத்தால் எண் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டும். சொன்னால் அறிக்கை செய்தது ஆகிவிடும். வெள்ளி இரவு குளியலறைக்குப் போன இடத்தில் கால் மடங்கி விழுந்தார். கணவர் எனக்குப் போன் செய்தபோது மணி பதினொன்று. 102 டிகிரி, நாடி வேகம், ரத்த அழுத்தம் 80-க்குக் கீழே.

பக்கத்து மருத்துவமனையில் முதல் ஆன்டிபயாடிக் ஊசியும் குளுக்கோஸும் போட்டுவிட்டு 108-ல் கோவைக்கு இறங்கினோம். பனிமூட்டம். குஞ்சப்பனையில் ரோட்டோரம் யானை நின்றதால் பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடமும் அக்கா ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபம் என்று நினைத்துக் குனிந்தேன். ‘விழுந்துட்டேனே, விழுந்துட்டேனே’ என்றுதான் சொன்னார்.

கிருமியோடு போராடுகிற வெள்ளணுக்களான நியூட்ரோபில்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 300-தான் இருந்தன. 500-க்குக் கீழே போனாலே கடும் ஆபத்து. ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுத வேண்டும். அணுக்கள் குறைந்தது மருந்தால், உபவாசத்தால் அல்ல. ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருந்தது ரத்த அழுத்தத்தை இன்னும் இறக்கியது. எல்லாவற்றையும்விட மோசம், காய்ச்சலை ஒரு நாளுக்கு மேல் மறைத்தது.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அக்கா மட்டும் தேறவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேதாகமத்தைத் தலையணை அடியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நாலாவது கீமோ வேண்டாம் என்றார். அப்போதுதான் நான் முதல்முறையாகக் கேட்டேன்: ‘அக்கா, ஜெபம் பண்ணும்போது என்ன ஆகுது உங்களுக்கு?’

வெகு நேரம் கழித்துப் பேசினார். ‘உன் காலைத் தள்ளாடவொட்டார்னு எழுதியிருக்கு சிஸ்டர். நான் விழுந்துட்டேன். ஒண்ணு வசனம் பொய், இல்லாட்டி நான் அவர் பிள்ளை இல்லை. வசனம் பொய்யா இருக்காது.’ அப்புறம் இன்னொன்றும் வந்தது. சபைக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டதற்கு 26 ஆண்டு கழித்து வந்த தண்டனை இது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கட்டியைத் தொட்டுப் பார்த்த அந்த மே மாதத்திலிருந்தே.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். நோயில் கடவுளைத் துணையாகப் பிடித்துக்கொள்வது ஒரு வகை. நோயைத் தண்டனை என்றும், கடவுள் கைவிட்டுவிட்டார் என்றும் உள்ளுக்குள் போராடுவது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருமே ஜெபிக்கிறவர்கள்தான். முதலாவது மனதைத் தாங்குகிறது, இரண்டாவது அரிக்கிறது. அக்கா எந்த வகை என்று என் படிவத்தின் ‘கிறிஸ்தவம்’ என்ற ஒரு சொல்லால் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆயர் வந்தார்

ஆயருக்கு நான்தான் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னபோது, சாட்சி சொல்லச் சொன்னது தான்தான் என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டார்.

அவர் ஆறுதல் வசனம் எதையும் எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் மன்னிப்புக் கேட்டார். தண்டனை என்பதற்கு யோவான் 9-ல் இயேசு சொன்ன பதிலைச் சொன்னார்: இது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. அப்போது அக்காவின் கணவர் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. அவர் ஆயரைப் பார்த்து, ‘இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா’ என்றார்.

அடுத்து ஆயர் 94-ம் சங்கீதத்தின் 18-ம் வசனத்தை வாசித்தார். ‘என் கால் சறுக்குகிறது என்று நான் சொல்லும்போது, கர்த்தாவே, உமது கிருபை என்னைத் தாங்குகிறது.’ வாசித்துவிட்டு, ‘இதுவும் அதே சங்கீதப் புத்தகம்தாம்மா. கால் சறுக்காத ஆளைத் தாங்குறதாச் சொல்லலை. சறுக்குதுன்னு சொல்ற ஆளைத் தாங்குறார். நீங்க சொல்லவே இல்லையே’ என்றார்.

அக்கா அழுதார். கட்டி தெரிந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் அழுகை அது. கெத்செமனேயில் இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும் என்று இயேசுவே வாய்விட்டுக் கேட்டதை ஆயர் சொன்னபோது, ‘அவரு பயந்தாரா ஐயா?’ என்று கேட்டார். ‘வியாகுலப்பட்டார்னு எழுதியிருக்கு.’ ‘அப்போ நானும் பயப்படலாம்’ என்றார் அக்கா, அனுமதி வாங்குகிற சிறுபிள்ளை மாதிரி.

என் கேள்விக்குப் பதில் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயத்தை விசுவாசத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவரை அக்காவின் ஜெபம் ஒரு பரீட்சையாக இருந்தது. தினமும் தேற வேண்டும், தோற்றால் வெளியே தெரியக் கூடாது. பயத்தையும் ஜெபத்துக்குள் கொண்டுவந்த பிறகு அதே ஜெபம் சாய்ந்துகொள்ள ஒரு இடமாயிற்று. விசுவாசம் கூடியதா, குறைந்ததா என்றெல்லாம் நான் அளக்கவில்லை. அவர் வாய் திறந்தது. அது மருத்துவத்துக்கும் வேண்டியிருந்தது, ஆத்துமாவுக்கும் வேண்டியிருந்தது.

அன்றிரவு வாய்ப்புண்ணோடு அக்காவால் வாசிக்க முடியவில்லை. கணவர் எடுத்துக்கொண்டார். வேதத்தமிழ் பழக்கமில்லாமல் ‘சறுக்குகிறது என்று நான்… சொல்லும்… போது’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். தப்பாக வாசித்த இடத்தில் அக்கா கண்ணை மூடியபடியே திருத்தினார்.

மீதி சிகிச்சை

நாலாவது கீமோ ஒரு வாரம் தள்ளி நடந்தது. அதோடு வெள்ளணுக்களைக் கூட்டுகிற ஊசியும் சேர்த்தார்கள், காய்ச்சல் திரும்ப வரவில்லை. உபவாசத்தைப் பற்றி ஆயரும் நானும் சேர்ந்து பேசினோம். சிகிச்சை முடிகிறவரை வெள்ளிக்கிழமைகளில் டிவியை நிறுத்தி வைப்பது, கஞ்சியும் தண்ணீரும் தவறாமல் குடிப்பது என்று அக்காவே முடிவு செய்தார். பெண்கள் ஐக்கியத்தினர் முறை வைத்து ராகிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். சளி, இருமல் இருக்கிறவர்கள் வாசலோடு ஜெபித்துவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொன்னதை முகம் சுளிக்காமல் கேட்டார்கள்.

டோசிடாக்சலில் வாந்தி குறைவு. ஆனால் நகம் கறுத்தது, பாதம் மரத்தது, மூன்று நாள் எலும்பெல்லாம் வலித்தது. அக்கா இப்போது எல்லாவற்றையும் சொன்னார். மரத்துப்போவதைச் சொன்னதால் ஏழாவது முறை மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. ஜூலையில் அறுவை. கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கியிருந்தது. மார்பை எடுத்து, அக்குள் நெறிகட்டிகளையும் எடுத்தார்கள். செப்டம்பரில் கோவையில் அறை எடுத்துத் தங்கி 15 முறை கதிர்வீச்சு.

அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த கை பின்னால் வீங்கக்கூடும். முதுகில் கூடையோடு நாள் முழுக்க கை ஓடுகிற வேலைக்கு உடனே திரும்ப முடியாது. மேஸ்திரியிடம் பேசி, பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வாங்கினோம். கூலி குறைவு. இதில் அக்காவுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, கொழுந்து பறிப்பதில் தோட்டத்திலேயே வேகமான கை அவருடையது.

நான் மாற்றிக்கொண்டது

1967-ல் லண்டனில், கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கிற செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்றார். பயிற்சியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கிய பாடம். வீட்டு வாசலில் மறந்துபோனது. இப்போது அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சால்ஸ்கி 1996-ல் வகுத்த கேள்விகளை நம் பேச்சுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தெம்பு தருவது எது? இந்த நோயில் அது உங்களுக்கு என்ன செய்கிறது? கூட நிற்கிறவர்கள் யார்? அதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இந்துவோ, முஸ்லிமோ, கடவுளே வேண்டாம் என்கிறவரோ, எல்லாரிடமும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் முதல் சந்திப்பில் வராது. திரும்பக் கேட்கிறேன்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சிகிச்சையின் நடுவில் இருக்கிறவரை மேடையேற்றாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், காய்ச்சல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரம், காலை மாலை காய்ச்சல் எழுத அக்காவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்திருந்தேன். காய்ச்சல் எழுதும் தேவை போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. கதிர்வீச்சு முடிந்து முதல் மறுபரிசோதனைக்கு முந்தின நாள் வீட்டுக்குப் போனேன். நோட்டு வேதாகமத்துக்குள் செருகியிருந்தது. எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான்:

‘புதன். கை வீக்கம் இல்லை. மாத்திரை போட்டாச்சு. நாளைக்கு ஸ்கேன். ராத்திரி ரொம்ப பயமா இருந்துச்சு, அவரை எழுப்பிச் சொன்னேன். கர்த்தர்கிட்டயும் சொன்னேன். அஞ்சரை பஸ்.’